கேல்லி ஏன் மூழ்குகிறது? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கடல் ஆட்டத்தில் பிழை பிடிக்கும் வழி

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் எங்கள் அறையில் இந்த ஆட்டத்துக்காக நான்கு லேப்டாப் திறந்திருக்கும். எனக்கும் அறைத் தோழனுக்கும் மதுரைப் பக்கம். இன்னொருவர் ஓசூரிலிருந்து வருவார். நான்காவது ஆள் என் சித்தப்பா மகன், பிறந்து வளர்ந்ததெல்லாம் அல்சூர். நிலத்து வரைபடம் விழுந்தால் எல்லோரும் ஒழுங்காக ஆடுவார்கள். ‘ஐலண்ட்ஸ்’ அல்லது ‘பால்டிக்’ என்று கடல் வரைபடம் விழுந்துவிட்டால் பத்து நிமிடத்தில் தம்பியிடமிருந்து அந்தக் கேள்வி வரும்: “அண்ணா, நானும் கேல்லிதான் போட்டேன், அவரும் கேல்லிதான் போட்டார். என்னுடையது மட்டும் ஏன் மூழ்குது?”

கேல்லி என்பது அம்பு விடும் போர்க்கப்பல். தம்பியின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. கப்பல் எப்படி மூழ்கியது என்று பார்த்துத்தான் காரணத்தைத் தேட வேண்டும். அதனால் எங்கள் அறையில் அடிக்கடி பார்க்கும் அறிகுறிகளை வைத்தே இதை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தின் புதுப்பித்த பதிப்பான டெஃபினிடிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரலில் அதில் திராவிடர் என்ற நாடும் சேர்ந்தது. இங்கே உள்ள விலையும் பலமும் அந்தக் காலத்தவை. மேம்படுத்தல் வரும்போது இவை மாறக்கூடியவை என்பதால், பொத்தான் மேல் சுட்டியை வைத்து உங்கள் ஆட்டத்தின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி கேல்லிக்கு 90 மரம், 30 தங்கம். ஹெச்பி (உயிர்) 120, தாக்குதல் 6, ரேஞ்ச் (அம்பு எட்டும் தூரம், கட்டக் கணக்கில்) 5. ஒரு அம்பு விட்டால் அடுத்ததற்கு 3 விநாடி. ஒரு டாக்கில் (கப்பல் கட்டும் துறையில்) ஒரு கேல்லி வர 60 விநாடி. ஆட்டம் டார்க், ஃபியூடல், காஸில், இம்பீரியல் என்று நான்கு ஏஜாக (காலமாக) நகரும். இரண்டாவதான ஃபியூடல் ஏஜிலேயே கிடைக்கிற இந்தக் கப்பல் மீன்பிடிப் படகை விரட்டும், எதிரிக் கப்பலோடு சண்டை போடும், கரையோரம் மரம் வெட்டுகிறவர்களை அடிக்கும், உளவும் பார்க்கும். இத்தனை வேலைக்கும் இது ஒன்றே போதும் என்பதால் தோற்றாலும் பழி இதன் மேலேயே விழுகிறது. நான் பார்த்தவரை கேல்லி மூழ்குவது கடலில். மூழ்கக் காரணமான தவறு நாலைந்து நிமிடம் முன்னால் கரையில் நடந்திருக்கும்.

அறிகுறி: டாக் கட்டினேன், கப்பல் எங்கேயும் போக மாட்டேன் என்கிறது

முதலில் அது கடல்தானா என்று பாருங்கள். சில வரைபடங்களில் உள்ளே குளம் இருக்கும், மீன்கூட இருக்கும். அல்சூர் ஏரியில் விட்ட படகு கடலுக்குப் போக வழியில்லை, அதே கதைதான் இங்கும். சிறு வரைபடத்தில் நீலம் எதிரி கரை வரைக்கும் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு 150 மரத்தைச் செலவழியுங்கள்.

இடம் சரியாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். டாக் உங்கள் மரம் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கரையோரம் நிற்கும் வில்லேஜர் (மரம் வெட்டும், கட்டடம் கட்டும் தொழிலாளி) கப்பலைப் பழுது பார்க்க முடியும். இதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: கேல்லி பொத்தான் மங்கலாக இருக்கிறது, அல்லது அழுத்தினாலும் கப்பல் வரவில்லை

நீங்கள் இன்னும் டார்க் ஏஜில் இருக்கலாம். ஃபியூடலுக்கு 500 உணவும் டார்க் ஏஜ் கட்டடம் இரண்டும் வேண்டும். அந்த இரண்டில் டாக்கும் ஒன்றாகக் கணக்கில் சேரும்.

ஃபியூடல் வந்தும் கப்பல் வரவில்லை என்றால் பெரும்பாலும் வீடு இல்லை. ஒரு கேல்லி ஒரு ஆள் கணக்கு. 25 மரத்து வீடு 5 பேருக்குத்தான் இடம் தரும். மூன்று டாக்கும், வில்லேஜர் பிறக்கும் டவுன் சென்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 5 இடம் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எனவே ஒரு வில்லேஜருக்கு வீடு கட்டுவதே வேலை என்று வைத்துவிடுங்கள்.

அறிகுறி: எனக்கு நாலு கேல்லி, எதிரிக்கு எட்டு

இதுதான் தாய்ப்பிழை. முக்கால்வாசித் தோல்வி இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு டாக்கை நிறுத்தாமல் ஓட்ட நிமிடத்துக்கு 90 மரமும் 30 தங்கமும் வேண்டும். ஃபியூடல் தொடக்கத்தில் ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு 20 மரத்துக்குச் சற்று மேல் கொண்டுவருவார். முகாம் தள்ளி இருந்தால் நடையிலேயே அதுவும் குறையும். அப்படியென்றால் ஒரு டாக்குக்கு மரத்தில் நாலைந்து பேர், தங்கத்தில் ஒன்றரை ஆள் வேண்டும். மூன்று டாக்குக்கு மரத்தில் பதின்மூன்று பதினாலு பேர், தங்கத்தில் ஐந்து பேர். தம்பியின் ஆட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று டாக் இருந்தன, மரத்தில் இருந்ததோ ஏழு பேர். மூன்று டாக்கும் மாறி மாறிக் காத்துக் கிடந்தன. அந்த ஏழு பேருக்கு ஒன்றரை டாக்தான் ஓடும். மற்றதற்குப் போட்ட மரத்தில் இரண்டு கேல்லி வந்திருக்கும்.

அதனால் முதல் பரிசோதனை இது: டாக்கைத் தட்டிப் பாருங்கள். வரிசையில் எதுவும் இல்லாமல் சும்மா இருக்கிறதா? அப்படியானால் டாக் அதிகம் அல்லது வெட்டுகிறவர்கள் குறைவு. எல்லா டாக்கிலும் வேலை நடந்துகொண்டே இருந்து, கையில் 400 மரம் தேங்கியிருந்தால், அப்போதுதான் இன்னொரு டாக்.

இரண்டாவது, டபுள் பிட் ஆக்ஸ் என்ற மேம்பாடு. லம்பர் கேம்ப்பில் (மர முகாமில்) 100 உணவுக்கும் 50 மரத்துக்கும் கிடைக்கும். மரம் வெட்டும் வேகம் 20 சதவீதம் கூடும். கடல் வரைபடத்தில் ஃபியூடல் வந்த உடனே அழுத்த வேண்டிய பொத்தான் இது. பத்துப் பேர் வெட்டும் இடத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்ததற்குச் சமம். அந்த இரண்டு பேருக்குச் சாப்பாட்டுச் செலவும் கிடையாது, வீடும் வேண்டாம்.

மூன்றாவது, தங்கம். சாதாரணத் தொடக்கத்தில் கையில் 100 தங்கம் இருக்கும். மூன்று கேல்லிக்கு 90 போய்விடும். தங்கம் தோண்டும் மைனிங் கேம்ப்புக்கு 100 மரம் ஆகிறதே என்று தள்ளிப் போடுகிறவர்கள் மூன்றாவது கேல்லியோடு நின்றுவிடுவார்கள். ஃபியூடலுக்குப் போகும் வழியிலேயே இரண்டு பேரைத் தங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நான்காவதுதான் எனக்கு வலிக்கிற இடம், ஏனென்றால் நானும் பல மாதம் இதே தப்பைச் செய்தேன். கடலில் சண்டை தொடங்கியதும் கண் கப்பலை விட்டு நகராது. அங்கே டவுன் சென்டர் சும்மா நிற்கும். ஒரு வில்லேஜருக்கு 25 விநாடி. ஐந்து நிமிடம் மறந்தால் பன்னிரண்டு பேர் பிறக்காமல் போனார்கள் என்று அர்த்தம். அந்தப் பன்னிரண்டு பேர் இரண்டரை டாக்குக்கு மரம் வெட்டியிருப்பார்கள். இதற்கு மருந்து விரலில் இருக்கிறது. ஹெச் விசையை அழுத்தினால் டவுன் சென்டர் வரும். டாக்குகளை எல்லாம் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலோடு 5-ஐ அழுத்தி ஒரு எண்ணில் கட்டி வையுங்கள். கட்டடத்துக்கும் அது வேலை செய்யும். திரை கப்பல் மேலேயே இருக்கட்டும். இடையிடையே ஹெச், வில்லேஜர். பிறகு 5, கேல்லி. திரும்பக் கப்பல். முதல் வாரம் விரல் தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

அறிகுறி: எண்ணிக்கை சமம், ஆனாலும் நான்தான் தோற்கிறேன்

எதிரியிடம் ஃப்ளெட்சிங் என்ற மேம்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். எதிரிக் கப்பலைத் தட்டினால் தாக்குதல் 6+1 என்றும் ரேஞ்ச் 5+1 என்றும் தெரியும். பிளாக்ஸ்மித்தில் (கொல்லர் பட்டறையில்) 100 உணவு, 50 தங்கம் அதன் விலை. பெயரைப் பார்த்து அது வில்லாளிகளுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கேல்லிக்கும் அது சேரும். பத்துக் கேல்லி இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தாக்குதல், ஒரு ரேஞ்ச் கூடுகிறது. கூடிய ரேஞ்சால் முதல் அம்பு எப்போதும் அவருடையதாக இருக்கும். ஓசூர் நண்பர் நான்காவது கேல்லிக்குப் பதிலாகப் பிளாக்ஸ்மித்தின் 150 மரத்தைப் போட்டுவிடுவார். அந்த ஒரு நிமிடம் அவர் பின்வாங்கி டாக் பக்கத்திலேயே நிற்பார். அந்த நேரத்தில் அவரை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்க முடிந்ததே இல்லை.

மேம்பாடும் சமம் என்றால் கப்பல்கள் ஒன்றாக நின்றனவா என்று பாருங்கள். டாக்கின் கூடுமிடத்தை (புதுக் கப்பல் தானாகப் போய் நிற்கும் இடத்தை) சண்டை நடக்கும் இடத்திலேயே வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு கேல்லியும் பிறந்த உடனே தனியாக அங்கே போய், ஆறு கப்பல் எதிரே நிற்க, தனியாகச் செத்துப்போகும். முடிவில் எண்ணிப் பார்த்தால் இரண்டு பேரும் பன்னிரண்டு கேல்லி செய்திருப்பீர்கள். அவருடைய பன்னிரண்டும் ஒன்றாகச் சண்டை போட்டன, உங்களுடையவை இரண்டு இரண்டாக. கூடுமிடத்தை உங்கள் டாக்குக்குப் பின்னால் வையுங்கள். ஐந்து சேரட்டும், அப்புறம் கொண்டுபோங்கள்.

ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பியதைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் ‘பல கலம் செலுத்தி’ என்றுதான் வருகிறது. தம்பிக்கு இதைச் சொன்னபிறகு கூடுமிடம் தவறியதே இல்லை.

ஒன்றாக நின்றும் தோற்றால் குறியைக் கவனியுங்கள். ஆறு கேல்லி ஆறு கப்பலை அடித்தால் எல்லாமே பாதி உயிரோடு திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும். பாதி உயிருள்ள கப்பலின் அம்புக்கும் முழு வலுதான். எனவே ஆறும் சேர்ந்து ஒரே கப்பலைக் குறிவையுங்கள், அது மூழ்கியதும் அடுத்தது. உங்கள் பக்கம் எது அடி வாங்குகிறதோ அதை மட்டும் பின்னால் இழுங்கள். அது தப்பினால் கரையில் இரண்டு வில்லேஜர் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். 120 ஹெச்பி கப்பல் 30-இல் தப்பி வந்தால், அதைச் சரிசெய்வதற்கு ஆகும் மரம் புதுக் கப்பலின் விலையைவிட எவ்வளவோ குறைவு.

அறிகுறி: எதிரி ஃபயர் கேல்லியோடு வந்தார், பத்து விநாடியில் எல்லாம் போச்சு

இது இயல்பு. கடலில் மூன்று கப்பல்களுக்கு இடையே ஒரு சுற்று இருக்கிறது. நெருப்புக் கப்பல் (ஃபயர் கேல்லி) கேல்லியைத் தின்னும், மோதி வெடிக்கும் வெடிகலம் (டெமாலிஷன் ராஃப்ட்) நெருப்புக் கப்பலைத் தின்னும், கேல்லி வெடிகலத்தை வரும் வழியிலேயே சுட்டு மூழ்கடிக்கும். ஃபயர் கேல்லிக்கு 75 மரம், 45 தங்கம். கிட்ட வந்துவிட்டால் கேல்லியால் தாங்க முடியாது.

ஆனால் கேல்லிக்கு ஒரு வரம் உண்டு: வேகம். கேல்லியின் வேகம் 1.43, ஃபயர் கேல்லியின் வேகம் 1.3. அது உங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் நீங்கள் நின்றால்தான் முடியும். இங்கே பலர் செய்யும் தப்பு, நின்று சுடுவது. அம்புக்கு அம்பு 3 விநாடி இடைவெளி இருக்கிறதல்லவா, அந்த 3 விநாடியும் கப்பல் நகர வேண்டும். ஒரு முறை எல்லோரும் சேர்ந்து ஒரே ஃபயர் கேல்லியைச் சுடுங்கள். உடனே பின்னால் திறந்த கடல் பக்கம் தட்டுங்கள். மனதில் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் திரும்பச் சுடுங்கள். திரும்பவும் ஓட்டம். ஃப்ளெட்சிங் இருந்தால் இது இன்னும் எளிது, இடைவெளி ஒரு கட்டம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஓடும் திசை முக்கியம். உங்கள் டாக் பக்கமே ஓடினால் சற்று நேரத்தில் கரை முட்டும். கப்பல்கள் ஒன்றோடொன்று இடித்து நிற்கும், அப்போது எரிந்துவிடும். முன்னாடியே ஒரு நீளமான நீர்வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லாத குறுகிய நீரில் ஃபயர் கேல்லியோடு மோத வேண்டாம். அங்கே நீங்களும் இரண்டு மூன்று ஃபயர் கேல்லி செய்து முன்னால் நிறுத்துங்கள், கேல்லி பின்னால் நின்று சுடட்டும். என் கணிப்பில் ஃபியூடல் கடலில் இந்தக் கலவைக்கு இணையாக எதுவும் இல்லை. எதிரி தங்கத்தில் எத்தனை பேர் வைத்திருக்கிறார் என்று உளவு பார்த்தால் இது வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஃபயர் கேல்லிக்குத் தங்கம் அதிகம் வேண்டும்.

அறிகுறி: ஒரே வெடி, ஐந்து கப்பல் காலி

டெமாலிஷன் ராஃப்ட். 70 மரம், 50 தங்கம். கேல்லியைவிட வேகமானது, அதனால் ஓடித் தப்ப முடியாது. அதன் உயிரோ 45 ஹெச்பிதான். ஓடாமல் உடனே எல்லோரும் அதையே சுடுங்கள். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரு பக்கம் விலக்கினால், ஒன்று கிட்ட வந்துவிட்டாலும் பாதிப்பேர் பிழைப்பார்கள். சண்டை இல்லாத நேரத்தில் கப்பல்களைக் குவியலாக நிறுத்தி வைக்காதீர்கள்.

அறிகுறி: அம்பு எல்லாம் தண்ணீரில் விழுகிறது

நகரும் இலக்கைச் சுட்டால் அம்பு பழைய இடத்துக்கே போகும். பாலிஸ்டிக்ஸ் என்ற மேம்பாடு வந்தால்தான் இலக்கு போகப்போகிற இடத்தைக் கணித்து விழும். காஸில் ஏஜில் யுனிவர்சிட்டியில் 300 மரம், 175 தங்கம். கேல்லி வரிசைக்கும் இது சேரும். அதுவரை தப்பி ஓடும் மீன்பிடிப் படகைத் துரத்திச் சுடுவதில் பயனில்லை. அது மீனருகே நிற்கும்போது சுடுங்கள், அல்லது திரும்பும் டாக் வழியில் காத்திருங்கள்.

அறிகுறி: நான் எதுவும் சொல்லவில்லை, கப்பல் தானாகப் போய்ச் செத்தது

புதிதாக வரும் கப்பல் ஆக்ரோஷ நிலையில் இருக்கும். கண்ணில் பட்ட மீன்பிடிப் படகைத் துரத்தி எதிரியின் வாட்ச் டவர் அடியில் போய் நிற்கும். காவலுக்கு நிறுத்தும் கப்பலைத் தற்காப்பு நிலைக்கு மாற்றுங்கள். கரையோரம் ஒரே இடத்தில் நின்று சுட வேண்டுமானால் ‘ஸ்டாண்ட் கிரவுண்ட்’.

அறிகுறி: கரையை அடிக்கப் போனால் கப்பல்கள் சாகின்றன

கேல்லியின் ரேஞ்ச் 5, ஃப்ளெட்சிங்கோடு 6. வாட்ச் டவரின் ரேஞ்ச் 8. டவுன் சென்டரின் ரேஞ்ச் 6, எதிரியும் ஃப்ளெட்சிங் செய்திருந்தால் 7, உள்ளே வில்லேஜர்கள் புகுந்துகொண்டால் அம்பு மழைதான். காஸில் ஏஜ் வந்துவிட்டால் கோட்டைக்கு 8, மாங்கோனலுக்கு 7. மாங்கோனலின் ஒரு கல் சேர்ந்து நிற்கும் நாலு கப்பலைச் சேர்த்தே சிதைக்கும். ஆகவே கட்டடத்தை அடிப்பது கேல்லியின் வேலை இல்லை.

அதன் வேலை ஆட்களை அடிப்பது. கரையிலிருந்து ஐந்து ஆறு கட்டத்துக்குள் மர முகாமோ தங்கமோ இருக்கிறதா என்று கரையைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். இருந்தால் நாலு கேல்லி போதும். இரண்டு பேர் செத்தாலே மீதிப் பேர் வேலையை விட்டு ஓடுவார்கள், அந்த ஓட்டமே உங்களுக்கு லாபம். டவர் எழும்ப ஆரம்பித்தால் கட்டுகிற ஆளைச் சுடுங்கள். எழும்பி முடிந்துவிட்டால் கிளம்பிவிடுங்கள். ஒரு டவருக்காக மூன்று கேல்லியை விட்டுத் திரும்பிய ராத்திரிகள் எங்கள் அறையில் நிறைய.

அறிகுறி: ஆட்டமே இழுக்கிறது, சொன்ன கட்டளை தாமதமாக நடக்கிறது

இந்த ஆட்டம் ஒவ்வொரு கணினியிலும் முழுதாக ஓடும், வலைவழியாகப் போவது கட்டளைகள் மட்டும்தான். எல்லாக் கணினியும் ஒரே அடியில் நடக்க வேண்டியிருப்பதால் ஒன்று மெதுவானால் நாலும் மெதுவாகும். எனவே “உன் நெட் சரியில்லை” என்று சண்டை போடுவதற்கு முன்னால் எந்த லேப்டாப் தடுமாறுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு நடந்தது இது: மாலையில் கரண்ட் போனது, ரூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடியது, லேப்டாப்புகள் பேட்டரிக்கு மாறின. பேட்டரியில் ஓடும்போது தம்பியின் பழைய லேப்டாப் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டது, நாங்கள் நாலு பேருமே சேற்றில் துடுப்புப் போட்டோம். மின் சேமிப்பு அமைப்பை மாற்றி, அவனுடைய லேப்டாப்பில் இருந்த கூடுதல் கிராஃபிக்ஸ் பொதியை நீக்கிய பிறகு சரியானது. அது இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் பொதிதான், இல்லாமலும் ஆடலாம். கேல்லியை மூன்று விநாடிக் கணக்கில் ஓட்டிச் சுடுகிறவர்களுக்கு அரை விநாடித் தாமதமும் பெரிய இழப்பு.

அறிகுறி: திராவிடர் எடுத்தேன், திரிசடை எங்கே?

நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு, எனக்கும் உண்டு. ராஜேந்திரன் பெயரில் ஒரு கதைத்தொடரே இருக்கும்போது யார்தான் திராவிடரை எடுக்க மாட்டார்கள்? ஆனால் அவர்களுடைய தனிக் கப்பலான திரிசடை இம்பீரியல் ஏஜில்தான் டாக்கில் வரும். அதற்காகச் சேமித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஃபியூடலிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதுவரை கேல்லிதான் உங்கள் படை.

அதற்குத் திராவிடர் நல்ல நாடும்கூட. ஒவ்வொரு ஏஜுக்கும் போகும்போது 200 மரம் கிடைக்கும். ஃபியூடலில் கால் வைத்த நொடியில் இரண்டு கேல்லிக்கான மரம் கையில் இருக்கும், 20 மீதி. டாக் ஒவ்வொன்றும் 5 பேருக்கு இடமும் தரும், ஆகவே மூன்று டாக் கட்டினால் மூன்று வீடு மிச்சம். அவர்களுடைய மீன்பிடிப் படகு 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். இந்த மூன்றையும் பயன்படுத்தித் தொடக்கத்திலேயே எண்ணிக்கையில் முந்துங்கள். 200 மரத்தை இன்னொரு டாக்கில் போட்டுவிட்டு அதை ஓட்ட மரம் இல்லாமல் நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

அறிகுறி: முதலில் நன்றாகப் போனது, திடீரென்று அவருடைய கப்பல் என்னுடையதைத் தூரத்திலிருந்தே அடிக்கிறது

அவர் காஸில் ஏஜ் போய் வார் கேல்லி செய்துவிட்டார். ஹெச்பி 135, தாக்குதல் 7, ரேஞ்ச் 6. மேம்பாட்டுக்கு 230 உணவு, 100 தங்கம். ஏற்கெனவே கடலில் இருக்கும் கேல்லிகள் எல்லாம் அந்த நொடியில் மாறிவிடும். ரேஞ்சில் பின்தங்கினால் கையிலிருக்கும் எண்ணிக்கையாலும் அதிக நேரம் தாங்க முடியாது.

காஸிலுக்கு 800 உணவு, 200 தங்கம், ஃபியூடல் கட்டடம் இரண்டு வேண்டும். ஃப்ளெட்சிங்குக்காகக் கட்டிய பிளாக்ஸ்மித் அதில் ஒன்று. 175 மரத்துக்கு மார்க்கெட் கட்டினால் இரண்டாவதும் ஆகிவிடும், மரத்தை விற்றுத் தங்கமும் வாங்கலாம். உணவுதான் இடிக்கும். மீன்பிடிப் படகுகளைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கு அந்த 800 வயல் போடாமலே வந்துவிடும். கேல்லிகளில் இரண்டை மீனருகே காவலுக்கு நிறுத்தச் சொல்வது இதற்குத்தான்.

அறிகுறி: கடலை முழுதாகப் பிடித்தேன், ஆனாலும் ஆட்டம் தோற்றேன்

தம்பிக்கு இது இரண்டு வாரம் தொடர்ந்து நடந்தது. எதிரியின் கடைசிக் கப்பல் மூழ்கியதும் அவன் இன்னும் எட்டுக் கேல்லி செய்தான். கடலில் எதிரி இல்லை, இவனிடம் இருபது கப்பல். அந்த எட்டின் 720 மரமும் 240 தங்கமும் சும்மா மிதந்துகொண்டிருந்தன. எதிரி டாக்கை மறந்து, மரம் வெட்டியவர்களை வயலுக்கு அனுப்பி, காஸில் ஏஜ் போய், கரை முழுக்கக் கோட்டை கட்டிவிட்டார். இம்பீரியலில் பீரங்கிக் கப்பலான கேனன் கேலியன் வந்தது, இருபதும் போயின.

கடைசி எதிரிக் கப்பல் மூழ்கும்போதே டாக்கில் வரிசையை நிறுத்துங்கள். எதிரியின் டாக் எங்கெங்கே என்று கரையைச் சுற்றி எண்ணுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் டவர் எட்டாத தூரத்தில் மூன்று கேல்லி நிற்கட்டும், புதிதாக வரும் கப்பல் கரையை விட்டு நகராது. இரண்டு கேல்லி அவருடைய கரையோர மரக்கூட்டத்தை ஓயவிடாமல் துரத்தட்டும். மீதியை உங்கள் மீன்பிடிப் படகுகளுக்குக் காவலாகத் திருப்புங்கள். மரத்தில் இருந்து ஆறு பேரை எடுத்து உணவுக்கு மாற்றி, காஸில் ஏஜ் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம் டிரான்ஸ்போர்ட் கப்பல் ஒன்று செய்து, எதிரியின் வெறிச்சோடிய பக்கத்துக் கரையில் நாலு வில்லேஜரை இறக்குங்கள். அங்கே நீங்கள் கட்டும் முதல் பாரக்ஸ் (படைவீடு) எழும்பும் வரை இரண்டு கேல்லி கரையோரம் நின்று காவல் காக்கட்டும்.